புள்ளி வைத்த காகிதம்

மார்கழி பிறக்க ஒரு வாரம் இருக்கையில், 15 புள்ளியில் தொடங்கி 8 வரை இறங்கும் இடைப்புள்ளிக் கோலங்களைப் போட்டுப் பார்ப்பதற்கென்று, கோடில்லாமல் புள்ளி மாத்திரம் அச்சிட்ட காகிதம் வாங்கி வரும்படி என் தாயார் சொன்னதன்பேரில், மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலையை ஒட்டிய எழுதுபொருள் கடைகள் மூன்றில் ஏறி இறங்கினேன். முழங்கால் வலியால் வாசலில் குனிய முடியாமற்போன பிறகு கோலத்தை நோட்டில் போடுவதே அவருக்கு வழக்கமாகிவிட்டது. மூன்று கடைகளிலும் எனக்கு எடுத்து நீட்டப்பட்டது ஒரே சரக்குதான்: மில்லிமீட்டருக்கு ஒரு மெல்லிய கோடும் சென்டிமீட்டருக்கு ஒரு தடித்த கோடுமாக அச்சிட்ட, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வில் பரவளையம் வரைவதற்கு உபயோகிக்கும் கிராஃப் ஷீட். “புள்ளி போட்டதெல்லாம் வராது சார், கிராஃப்னா இது ஒண்ணுதான்” என்று கடைசிக் கடைக்காரர் சொன்ன வார்த்தை, வீடு வந்து சேர்ந்த பிறகும் என்னை விட்டபாடில்லை.

ஒன்றுதான் என்று அவர் சொன்னது வியாபாரத்துக்குப் பொருந்தலாம். ஆனால், தாம்பரத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் கட்டம் என்பது கடையில் விலைக்கு வாங்கும் பண்டமாக ஆனதே சமீப காலத்தில்தான் என்பதையும், அதற்கு முன் தனக்கு வேண்டிய கட்டத்தைத் தன் காரியத்துக்குத் தக்கபடி தானே போட்டுக்கொள்வதுதான் நம் ஜனங்களின் சம்பிரதாயமாக இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கிறபோது, கட்டத்தில் இத்தனை விதங்களைக் கையாண்ட ஒரு சமூகம் ஒரே விதத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டதே என்ற விசனம் எனக்கு உண்டாகிறது.

கல்யாணத்துக்கு ஜாதகம் எழுதுகிற ஜோசியர், நடுவில் ஒரு பெருங்கட்டத்தைக் காலியாக விட்டு அதைச் சுற்றிப் பன்னிரண்டு அறைகளை வகுத்த ராசிக்கட்டத்தை ரப்பர் முத்திரையாகச் செய்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் குத்திக் கொடுக்கிறார். வீட்டிலிருந்தபடியே அச்சிடப்படும் பிரத்தியேகக் கட்டத் தாள் என்பதற்கு இதைவிட எளிய திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. தாயத்துக்கும் பாண்டிக்கும் ஆடுபுலி ஆட்டத்துக்கும் தரையிலே கரித்துண்டாலும் சாக்குக்கட்டியாலும் கிழித்துக்கொள்ளும் கட்டங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக வாசற்கோலம் இருக்கிறது. நீர் தெளித்துப் பெருக்கிய மண்ணில், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே அரிசி மாவைக் கிள்ளி, முதலில் நடுவரிசையை எண்ணி வைத்து, பிறகு மேலும் கீழும் குறைத்துக்கொண்டு போகிற ஒரு பெண், அளவுகோலோ நூலோ இல்லாமலே ஒரு பெரிய வலையைத் தரைமேல் விரித்துவிடுகிறாள். புள்ளிக்கு நேர்மேலே புள்ளி வைத்தால் நேர்ப்புள்ளி. அது சதுரங்களைத் தரும். இரண்டு புள்ளிகளின் நடுச்சந்தில் அடுத்த வரிசைப் புள்ளியை வைத்தால் இடைப்புள்ளி. அது முக்கோணங்களைத் தரும். ஆறிதழ்ப் பூவும் ஆறுமுனை நட்சத்திரமும் பின்னதில் இயல்பாக அமையும். முன்னதில் எத்தனை பிரயாசைப்பட்டாலும் கோணிக்கொண்டுதான் நிற்கும். இந்த வித்தியாசம் கோலம் போடுகிற சிறுமிக்கும் தெரியும். கடையில் விற்கிற கிராஃப் ஷீட் முழுவதும் நேர்ப்புள்ளி ஜாதி என்பதனால்தான் என் தாயாருக்கு அது உபயோகப்படவில்லை.

அந்த ஷீட்டின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் வில்லியம் பிளேஃபேர் என்பவர் 1786ஆம் ஆண்டில் தேசங்களின் வர்த்தக வரவுசெலவுகளைக் கோட்டுச் சித்திரங்களாக வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளுக்குள், 1794ஆம் ஆண்டை ஒட்டி, பக்ஸ்டன் என்ற டாக்டர் கட்டம் அச்சிட்ட காகிதத்துக்குக் காப்புரிமை பெற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் பெர்ரி என்ற எஞ்சினீயரிங் ஆசிரியர், சாமானியத் தொழிலாளியும் கணிதத்தைக் கட்டத் தாளின் மூலமாகக் கையால் தொட்டு அறியலாம் என்று விடாமல் பிரசாரம் செய்தார். தாளின் ஒரு மூலையில் ‘எக்ஸ் அச்சு: 1 செ.மீ. = 1 அலகு’ என்று எழுதிவிட்டுப் புள்ளி குறிக்கத் தொடங்குகிற நம் பள்ளிப் பிள்ளை ஒவ்வொன்றும் அந்த முயற்சியின் வாரிசுதான்.

ஆனால் தாம்பரத்துக்கு அருகே, அந்தக் காகிதம் வருவதற்கு முன்பே, பூமியின்மேல் கோடு போட்ட ஒரு மகத்தான காரியம் நடந்தது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி, பரங்கிமலைச் சமவெளியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் மலையை நோக்கி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அவர் கையிலிருந்தது நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளமான 40 கண்ணிகள் கோத்தது. சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாக அனுப்பப்பட்டு, அவர் ஏற்றுக்கொள்ளாமல் திருப்பிவிட்ட சாமான்களில் ஒன்றாகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து இவர் கைக்கு வந்தது. வெயிலில் எஃகு நீளும் என்பதனால், முக்காலிகளின்மேல் வைத்த மரப்பெட்டிகளுக்குள்ளே சங்கிலியைக் கிடத்தி, நிழலுக்குக் கூடாரம் போட்டு, உஷ்ணமானியில் சூட்டைக் குறித்துக்கொண்டு, ஏறத்தாழ நானூறு முறை அதை நகர்த்தி நகர்த்தி வைத்து, ஏழரை மைல் தூரத்தைச் சித்திரை வைகாசிக் கத்திரி வெயிலில் அளந்து முடித்தார்கள். அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து, கோணங்களை மட்டும் பார்த்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு போனதுதான், பிற்காலத்தில் இமயமலை வரை சென்ற மகா முக்கோண அளவைக்கு ஆரம்பம். வேளச்சேரிப் பக்கமிருந்து மேடவாக்கத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் தினமும் அந்த நிலத்தைக் கடக்கிறார்கள். பாரத தேசம் முழுவதையும் மூடிய அந்த முக்கோண வலையின் முதல் இழை இங்கே ஏரிக்கரைகளுக்கும் வயல்களுக்கும் நடுவே இழுக்கப்பட்டது என்பதில் எனக்கு அளவற்ற பெருமிதம் உண்டு.

மின்சார ரயில் 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓடத் தொடங்கியபின், அந்த வயல்கள் மெல்ல மெல்ல மனைகளாயின. மனைக்கு அளவு கிரவுண்டு. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 40 அடிக்கு 60 அடி என்பது எல்லாரும் விரும்பிய வடிவம். என் தகப்பனார் சிட்லபாக்கத்தில் வீடு கட்டுவதற்கு உத்தேசித்த காலத்தில், தசாம்ச முறை 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாக அமலுக்கு வந்து, கிராஃப் ஷீட் சென்டிமீட்டருக்கு மாறிவிட்டிருந்தது. ஆனால் மனையும் மனையடி சாஸ்திரமும் மேஸ்திரியும் அடியிலிருந்து அணுவளவும் அசையவில்லை. ஆகையால் அவர் இரண்டு முழுநீளத் தாள்களைக் கோந்து தடவி ஒட்டி, கால் அங்குலத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில், நாற்பதுக்கு அறுபது கட்டங்கள் கொண்ட ஒரு தாளைத் தாமே நாலு ராத்திரி உட்கார்ந்து கோடு போட்டுத் தயாரித்தார். பத்து அங்குல அகலமும் பதினைந்து அங்குல நீளமுமாக அமைந்த அந்தத் தாளில், எழுத்து வாசிக்கத் தெரியாத மேஸ்திரி விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று கட்டத்தை எண்ணி, “அடுப்படி எட்டடிதான் வருதுங்க, கிணத்தை ஈசானியத்துக்குத் தள்ளிடலாம்” என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அன்று போட்ட கோடுகளின் மை மங்கிவிட்டது; வீடு நிற்கிறது.

கையால் கோடு போடுவதற்கு நேரமில்லாதவர்களுக்கு அக்காலத்தில் ரூலிங் மெஷின் இருந்தது. துணிப்பட்டையின்மேல் காகிதம் மெதுவாக நகர்ந்துவர, மேலே ஒரு சட்டத்தில் வரிசையாகப் பொருத்திய பித்தளைப் பேனாக்கள் நூலின் வழியே கசியும் மையை ஒரே சமயத்தில் கோடுகளாக இழுத்துவிடும். கட்டம் வேண்டுமானால் தாளைத் திருப்பி இன்னொரு முறை விட வேண்டும். பேனாக்களை இடம் மாற்றிச் செருகினால் கட்டமும் மாறும் என்பதனால், கடைக்கணக்கனுக்கு ஒரு கோடு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கோடு என்று கேட்டபடி செய்து கொடுக்க அதில் சௌகரியம் இருந்தது. ஆஃப்செட் அச்சு வந்து லட்சக்கணக்கில் ஒரே மாதிரி அடிக்க ஆரம்பித்த பிறகு, நூறு தாள் மாத்திரம் வேறு விதமாக வேண்டும் என்று கேட்கிறவனுக்கு வழி இல்லாமற்போயிற்று.

இந்தச் சரித்திரத்தில் என் மனத்துக்கு மிகவும் உகந்த அத்தியாயம் கிழக்குத் தாம்பரத்தில் இருக்கிறது. பாரிமுனைப் பகுதியிலிருந்து 1937இல் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும், அவருடைய மனைவியும் கணிதப் பேராசிரியையுமான ராணி சிரோமணியும், அவர்களோடு கமலா கிருத்திவாசனும், வாசற்கோலத்தைக் கணித சாஸ்திரத்தின் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோலச் சித்திரத்துக்கும் இலக்கணம் வகுக்கலாம் என்பது அவர்கள் கொள்கை. ஒரு சித்திரத்தை வரிசைகளும் நிரல்களும் கொண்ட கட்டமாகப் பிரித்து, ஒவ்வோர் அறைக்கும் ஒரு குறியைக் கொடுத்து, இன்ன குறி நின்ற இடத்தில் இன்ன குறித்தொகுதி வரலாம் என்று சில விதிகளை ஏற்படுத்திவிட்டால், அந்தச் சில விதிகளைக்கொண்டே சிறிய கோலத்திலிருந்து அதே இனத்துப் பெரிய கோலங்களை ஒன்றன்பின் ஒன்றாக வளர்த்துக்கொண்டு போகலாம். கட்டக் கோவை இலக்கணங்களையும் கோலத்தையும் பற்றி மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, 1974இல் கணினிச் சித்திரவியலுக்கான ஒரு சர்வதேச சஞ்சிகையில் வெளிவந்தது.

இதன் முக்கியத்துவத்தைச் சற்று நிதானித்து உணர வேண்டும். மார்கழி விடியலில் ஒரு பெண், ஐந்து புள்ளியில் பழகிய கோலத்தை ஒன்பது புள்ளிக்கும் பதின்மூன்று புள்ளிக்கும் விரிக்கிறபோது, புதிதாக ஒன்றை மனப்பாடம் செய்வதில்லை. வளர்க்கும் விதியைக் கையில் வைத்திருக்கிறாள். அந்தக் கை அறிந்த விதியைத்தான் தாம்பரத்துப் பேராசிரியர்கள் கணிதத்தின் பாஷையில் எழுதினார்கள். கணினியின் கொள்கை வெளிநாட்டுச் சர்வகலாசாலைகளில் பிறந்து நம்மிடம் வந்தது என்றே கேட்டுப் பழகிய நமக்கு, நம் வாசல் மண்ணிலிருந்து அதற்கு ஒரு பதார்த்தம் போய்ச் சேர்ந்தது என்பது சாமானிய விஷயமன்று. இதே கிஃப்ட் சிரோமணி, அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கட்டங்களாகப் பிரித்து, மை பட்ட அறைக்கு ஒன்றும் மை படாத அறைக்குப் பூஜ்யமுமாகக் குறித்து, கணினி அதை அடையாளம் காண்பதற்கு ஒரு முறையைத் தம் சகாக்களோடு 1978இல் வெளியிட்டார். அகரத்தின் சுழியும் ழகரத்தின் வாலும் கட்டத் தாளின் அறைகளுக்குள் அடங்கி நின்ற அந்தக் காரியமும், கோலமும், ஒரே மனிதருடைய சிந்தனையில் அடுத்தடுத்து இருந்தன என்பதை நினைக்கும்தோறும், அவர் 1988இல் தம் ஐம்பத்தாறாம் வயதை ஒட்டிக் காலமானது தமிழுக்கு நேர்ந்த நஷ்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடையில் கிடைக்காததை வீட்டிலேயே அச்சிட்டுக்கொள்வதற்கு இப்போது தடை ஒன்றுமில்லை. 1984இல் வெளிவந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு பாஷையில், அங்குலத்துக்கு 72 பாயிண்ட் என்பது அளவு. ஒரு வரிசைக்குள் இத்தனை புள்ளி, வரிசைகள் இத்தனை என்று இரண்டு சுற்றுக்களை எழுதிக்கொடுத்தால் தாள் தயார். நேர்ப்புள்ளிக்கு அதுவே போதும். இடைப்புள்ளிக்கு மாத்திரம், ஒவ்வொரு வரிசையையும் அரைப்புள்ளி தூரம் தள்ளுவதோடு, வரிசைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் புள்ளிகளின் இடைவெளியில் 0.866 பங்காகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் முக்கோணம் நெட்டையாகிப் பூவின் இதழ்கள் சமமாக அமையா. புள்ளியை வெளிர்நீலமாகப் போட்டால் பென்சில் கோடு அதன்மேல் எடுப்பாகத் தெரியும்.

முதலில் புள்ளிக்குப் புள்ளி 8 மில்லிமீட்டர் வைத்து அச்சிட்டேன். தாயார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நெருக்கினா கம்பி எங்கடா வளையும்?” என்றார். அவர் சொன்னது வாஸ்தவம். புள்ளியைச் சுற்றி வளைத்து வரும் சிக்குக் கோலத்துக்கு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போக இடம் வேண்டும். 12 மில்லிமீட்டராக்கினேன். 15 புள்ளிக்கு 14 இடைவெளி, ஆக 168 மில்லிமீட்டர். 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். ஆனால் அளவுகோலை வைத்துப் பார்த்தால் 163தான் இருந்தது. பக்கத்துக்குள் பொருத்துவது என்ற ஏற்பாடு பிரிண்டரில் தானாகவே அமலில் இருந்து, எல்லாவற்றையும் நூற்றுக்குத் தொண்ணூற்றேழாகச் சுருக்கியிருக்கிறது. அதை நீக்கி, உள்ள அளவிலேயே அச்சிடும்படி மாற்றிய பிறகு கணக்கு நேராயிற்று. கோலத்தாளில் ஐந்து மில்லிமீட்டர் போனால் பெரிய நஷ்டமில்லை. வீட்டு வரைபடத்துக்கு, 4 மில்லிமீட்டருக்கு ஓர் அடி என்று வைத்து, ஒரு கிரவுண்டை 160க்கு 240 மில்லிமீட்டராக அதே தாளில் அடக்க நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துவிடக்கூடாது.

மேலே ஏழு வரிசை, கீழே ஏழு வரிசை, நடுவில் பதினைந்து: மொத்தம் 169 புள்ளிகள் கொண்ட அந்தத் தாளில் ஐம்பது பிரதி எடுத்துத் தைத்துக் கொடுத்தேன். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பலகையை மடியில் வைத்து, தாயார் பென்சிலைச் சீவினார். உடனே கோடு இழுக்கவில்லை. இயந்திரம் எண்ணி வைத்த நடுவரிசையைப் பென்சில் முனையால் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் தொட்டு, உதட்டுக்குள் பதினைந்து வரை எண்ணி முடித்துவிட்டு, பிறகுதான் முதல் வளைவைத் தொடங்கினார்.