வெசுவியஸ் மலையும் அதன் வருவாயும்: ஓர் எரிமலைச் சுற்றுலாவின் வரலாறு

எரிமலைகளின் சுற்றுலா மதிப்பைப் பற்றி எழுதுவோர் அம்மதிப்பு மலையின் தோற்றத்திலேயே இயல்பாக அமைந்திருப்பதாகக் கொள்வது வழக்கம். இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவை ஒட்டி எழும் வெசுவியசின் வரலாறு அக்கருத்துக்கு இடந்தரவில்லை. அங்கே மலையைக் காட்டிப் பொருளீட்டியது மனித உழைப்பு. பின்னர் அவ்விடத்தை முதலீடு பற்றிக்கொண்டது. வருவாய் யாருக்கு உரியது என்னும் கேள்வி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீவைப்பு வரை சென்றது. அந்தக் கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

வெசுவியஸ் என்றதும் கி.பி. 79இல் பொம்பெயி புதையுண்ட நிகழ்ச்சியே நினைவுக்கு வரும். ஆயினும் சுற்றுலாவின் நோக்கில் 1631ஆம் ஆண்டே முதன்மையானது. ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட அவ்வாண்டின் வெடிப்புக்குப் பின், 1944 வரை இம்மலை நெடுங்காலம் ஓய்ந்திருந்ததில்லை. புகையும் இரவில் தெரியும் செந்நிற ஒளியும் அவ்வப்போது வழியும் எரிகுழம்பும் பயணிகளுக்கு ஏறத்தாழ உறுதியான காட்சிகளாயின. எர்குலேனியத்தில் 1738இலும் பொம்பெயியில் 1748இலும் தொடங்கிய அகழாய்வுகள் இக்காட்சிக்குப் பொருள் சேர்த்தன. அழித்த மலையையும் அழிந்த நகரையும் ஒரே பயணத்தில் காண முடிந்தது. 1764 முதல் நேப்பிள்சில் பிரித்தானியத் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டன் பலமுறை மலையேறி, பியேத்ரோ ஃபாப்ரிஸ் வரைந்த வண்ணப் படங்களுடன் 1776இல் நூல் வெளியிட்டார். கதே 1787இல் ஏறினார். கற்றோர் காண வேண்டிய இடங்களுள் ஒன்றாக வெசுவியஸ் நிலைபெற்றது.

ஆனால் கற்றோர் தம் கால்களால் மட்டும் ஏறவில்லை. கடலோர ஊரான ரெசினாவில் கழுதை, குதிரை வாடகைக்குக் கிடைத்தது. கூம்பின் செங்குத்தான சரிவில், வழிகாட்டிகள் இடுப்பில் கட்டிய வாரைப் பற்றிக்கொண்டு பயணிகள் ஏறினர்; இயலாதோர் டோலியில் சுமக்கப்பட்டனர். 1845இன் குளிர்காலத்தில் ஏறிய சார்லஸ் டிக்கன்ஸ், பருத்த மனிதர் ஒருவரைத் தூக்கப் பதினைந்து பேர் தேவைப்பட்டதை நகைச்சுவையுடன் பதிவு செய்கிறார். நகைச்சுவையை ஒதுக்கிவிட்டு நோக்கினால் அது ஒரு பொருளாதாரச் சான்று: ஒரே பயணியின் விருப்பம் பதினைந்து பேருக்கு அன்றைய கூலி. மலையடிவாரக் குடும்பங்களுக்குத் திராட்சைத் தோட்டத்தைப் போலவே பயணிகளின் வரவும் ஒரு விளைச்சல்.

இவ்வமைப்பைக் குலைத்தது 1880 ஜூனில் திறக்கப்பட்ட கம்பிவட இழுவை ரயில். ஒரே வடத்தில் பிணைந்த இரு பெட்டிகளுள் ஒன்று இறங்க மற்றொன்று ஏறும். கூம்பின்மீது ஏறத்தாழ 800 மீட்டர் நீளத்துக்கு இது அமைந்தது. மக்கள் ஏறத் தயங்கியமையால், இதனைப் புகழ்ந்து பெப்பினோ துர்கோ எழுத, லூயிஜி தென்சா இசையமைத்த பாடலே ‘ஃபுனிகுலி, ஃபுனிகுலா’. ரிச்சர்டு ஸ்ட்ராஸ் அதனை நாட்டுப்புறப் பாடல் என எண்ணித் தம் ‘இத்தாலியிலிருந்து’ என்னும் இசைப்படைப்பில் எடுத்தாண்டார். தென்சா வழக்குத் தொடுத்து வென்றார். விளம்பரம் இவ்வளவு விரைவில் மரபாகத் தோற்றம் கொண்டதற்கு வேறு எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

1880களின் பிற்பகுதியில் இழுவை ரயில் தாமஸ் குக் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அப்போது நிறுவனத்தை நடத்தியவர் நிறுவனரின் மகன் ஜான் மேசன் குக். லண்டனில் சீட்டு வாங்கிய பயணி, ரெசினாவில் எவருக்கும் காசு கொடாமலே உச்சியை அடைய முடிந்தது. வழிகாட்டிகள் ஒவ்வொரு பயணிக்கும் தமக்கு ஒரு தொகை வேண்டுமெனக் கேட்டனர். மறுக்கப்பட்டபோது நிலையத்துக்குத் தீ வைத்தனர், பாதையைச் சிதைத்தனர், பெட்டி ஒன்றைப் பள்ளத்தில் தள்ளினர். இதனை வன்முறைக் கும்பலின் பணப்பறிப்பாகக் காட்டும் ஆங்கில விவரிப்புகள் உண்டு. அச்சுறுத்தல் இல்லை என்று கூறவியலாது. எனினும் முன்னர்க் கண்ட கூலிக்கணக்கோடு பொருத்திப் பார்த்தால், இழந்த பிழைப்புக்கு ஈடு கேட்ட செயலாகவே இது எனக்குப் படுகிறது. இறுதியில் பயணி ஒருவருக்கு இவ்வளவு என வழிகாட்டிகளுக்குச் செலுத்த நிறுவனம் இசைந்தது. மலையின்மீது ஊராருக்கும் ஓர் உரிமை உண்டு என்பதை, விரும்பியோ விரும்பாமலோ, அவ்வுடன்பாடு ஒப்புக்கொண்டது.

மலையோ எத்தரப்பின் உரிமையையும் மதிக்கவில்லை. 1903இல் அடிவாரத்திலிருந்து மின்ரயில் பாதை வந்தது. 1906 ஏப்ரல் வெடிப்பு இழுவை ரயிலை அழித்தது. சான் ஜுசெப்பே ஊரில் தேவாலயக் கூரை சாம்பலின் பாரத்தால் இடிந்து, உள்ளே அடைக்கலம் புகுந்தோர் மடிந்தனர். இழுவை ரயில் 1909இல் மீண்டும் ஓடியது. 1944 மார்ச்சில், போர்க்காலத்தில், சான் செபஸ்தியானோவை எரிகுழம்பு மூடியபோது அது முற்றாக முடிவுற்றது. 1953 முதல் 1984 வரை தொங்குநாற்காலிகள் பயணிகளை ஏற்றின. 1995இல் மலை தேசியப் பூங்காவாயிற்று. எரிமலை வாய்க்குச் செல்லும் பாதைக்கு இன்று நுழைவுச்சீட்டு உண்டு.

1944க்குப் பின் வெசுவியஸ் வெடிக்கவில்லை. இக்காலப் பயணி காண்பது கல்லும் மெல்லிய ஆவியுமே; அவர் சீட்டு வாங்குவது நினைவுக்காக. அதே அமைதியை நம்பிச் சரிவுகளில் வீடுகள் பெருகின. மிகுந்த ஆபத்துக்குரியதாக அரசு வரையறுத்த ‘சிவப்பு மண்டல’த்தில் இன்று 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். 2003இல் கம்பானியா வட்டார அரசு, அங்கிருந்து வெளியேறும் குடும்பங்களுக்கு 30,000 யூரோ வரை தர முன்வந்தது. பெரும்பாலோர் நகரவில்லை.