ஐயமும் துணிவும்: வியன்னா மகப்பேற்று விடுதி தந்த பாடம்

போதிய அறிவு கிடைக்கும்வரை காத்திருந்து செயலாற்றுவது அறிஞர்க்கு அழகு என்பர். ஆயினும், காத்திருக்குங் காலத்திலே உயிர்கள் மாயுமெனின், எத்துணை அறிவு போதிய அறிவாகும் என்னும் வினா எழுகின்றது. போர்க்களம், வாணிகம், மருத்துவமனை ஆகிய யாவற்றிலும் இவ்வினா உண்டு. நிச்சயமின்மையின் நடுவே முடிவு செய்யும் முறைகளை இருபதாம் நூற்றாண்டின் கணித அறிஞர் ஒரு துறையாகவே வளர்த்தனர். அத்துறை பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, வியன்னா நகரின் மகப்பேற்று விடுதி ஒன்றிலே இவ்வினா கூர்மையாக எழுந்தது. அவ்வரலாறு ஆராயத்தக்கது.

இரு விடுதிகள்

வியன்னாப் பொது வைத்தியசாலை இரண்டாம் யோசப் பேரரசரால் 1784 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்றது. அதன் மகப்பேற்றுப் பகுதியில் 1784 முதல் 1822 வரை ஏறக்குறைய 71,000 பிரசவங்கள் நிகழ்ந்தன. இறந்த தாய்மார் நூற்றுக்கு 1.25 பேரே. அக்காலத்துத் தலைவராயிருந்த போவர், பிரேதங்களைக் கொண்டு மகப்பேற்றுக் கலையைக் கற்பிப்பதை விரும்பாதவர். அவருக்குப் பின் 1823 இல் யோஹான் கிளைன் பொறுப்பேற்றார். மாணவர் பிரேதபரிசோதனை செய்து பழகும் முறை அப்பொழுது புகுந்தது. அதன்பின் இறப்பு வீதம் பன்மடங்கு உயர்ந்தது. உயர்வு கண்கூடாயிருந்தும், இரண்டிற்கும் உள்ள தொடர்பை எவரும் கருதினாரல்லர்.

1840 ஆம் ஆண்டு முதல் இரு விடுதிகளும் கற்போருக்கேற்ப வகுக்கப்பட்டன. முதலாம் விடுதி வைத்திய மாணவர்க்கும், இரண்டாம் விடுதி மருத்துவிச்சிகளுக்கும் உரியனவாயின. கருவுற்ற பெண்கள் வரும் நாளைப் பொறுத்து, ஒரு நாள் ஒரு விடுதியிலும் மறுநாள் மற்றையதிலும் சேர்க்கப்பட்டனர். ஏழை செல்வர் என்றோ, நலிந்தோர் வலியோர் என்றோ வேறுபாடு காட்டாது நாட்காட்டியே அவர்களைப் பகுத்தது. எவரும் திட்டமிடாமலே, இக்காலத்தார் பெரிதும் போற்றும் ஒப்பீட்டுச் சோதனையை ஒத்த ஓர் ஏற்பாடு இவ்வாறு அமைந்துவிட்டது.

1841 முதல் 1846 வரையுள்ள ஆறு ஆண்டுகளில் முதலாம் விடுதியிலே 20,042 பிரசவங்களும் 1,989 இறப்புகளும் நிகழ்ந்தன. அஃதாவது, நூற்றுக்கு 9.92. இரண்டாம் விடுதியிலே 17,791 பிரசவங்களுக்கு 691 இறப்புகள், நூற்றுக்கு 3.88. இரண்டாம் விடுதியின் வீதமே முதலாவதிலும் நிலவியிருப்பின் ஏறக்குறைய 1,200 தாய்மார் உயிர் பிழைத்திருப்பர். இவ்வேறுபாட்டை நகரத்துப் பெண்களும் அறிந்திருந்தனர். முதலாம் விடுதிக்குரிய நாளிலே வந்து சேர்ந்தோர், தம்மை மற்றையதிற்கு அனுப்புமாறு முழந்தாளிட்டு இரந்தனர். வழியிலே பிள்ளை பெற்று வந்தவர்களோ பெரும்பாலும் நோயின்றித் தப்பினர்.

காரணந் தேடல்

ஹங்கேரி நாட்டவரான இக்னாஸ் செமல்வைஸ் 1846 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே முதலாம் விடுதியின் துணை வைத்தியராக நியமனம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது 28. பிரசவ சுரத்திற்குக் கூறப்பட்டுவந்த காரணங்களை அவர் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். காற்றிற் கலந்த நச்சாவியே காரணம் என்றனர் பலர். ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்துள்ள இரு விடுதிகளை அவ்வாவி வேறுபடுத்தி அறிவதெங்ஙனம்? நெருக்கடி காரணம் என்றனர் சிலர். இரண்டாம் விடுதியிலேதான் நெருக்கடி மிகுதி. இறப்போர்க்கு இறுதிச் சடங்கு செய்ய வரும் குருவின் மணியோசை அச்சத்தை விளைக்கிறது என்றும் கூறப்பட்டது. குரு வேறு வழியாக ஓசையின்றி வரச் செய்தும் பயன் விளைந்திலது. பிரசவத்தின்போது படுக்கும் நிலையை மாற்றியும் பயனில்லை.

அரசினர் அமைத்த ஆணைக்குழுவொன்று, பிறநாட்டு மாணவரின் முரட்டுத்தனமான பரிசோதனையே காரணமெனத் தீர்த்து, மாணவர் தொகையை 42 இலிருந்து 20 ஆகக் குறைத்தது. இறப்பும் குறைந்தது. 1847 பெப்ரவரியிலே 312 பிரசவங்களுக்கு அறுவரே இறந்தனர். ஆணைக்குழுவின் முடிவு மெய்ப்பிக்கப்பட்டதென்றே எவருங் கொண்டிருப்பர். ஆனால், ஏப்ரிலிலே 312 பிரசவங்களுக்கு 57 பேர் இறந்தனர்.

இதற்கிடையே மார்ச்சு 13 ஆம் நாள், செமல்வைஸின் நண்பரும் சட்டமருத்துவப் பேராசிரியருமான கொலெற்சுக்கா காலமானார். பிரேதபரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி அவர் விரலிலே பட்டதே அதன் தொடக்கம். அவர் உடலிலே கண்ட மாற்றங்கள் பிரசவ சுரத்தால் இறந்த பெண்களின் உடலிற் கண்டவற்றையே ஒத்திருந்தன. பிரேதத்தின் துகள் கத்தியின் வழி அவருட் புகுந்தது. அதே துகள் மாணவரின் கைவழியே தாய்மாருட் புகுகின்றது என்று செமல்வைஸ் துணிந்தார். மருத்துவிச்சிகள் பிரேதபரிசோதனை செய்வதில்லை. இரு விடுதிகளின் வேறுபாடு இவ்வொன்றால் விளங்கிற்று. பெப்ரவரியின் குறைவும் ஏப்ரிலின் மிகுதியும் கூட விளங்கின. குறைந்த மாதங்களிலே பணியாற்றிய துணை வைத்தியர் பிரேத அறைக்கு அருகியே சென்றவர். மார்ச்சு இறுதியிலே பணிக்கு மீண்ட செமல்வைஸோ நாள்தோறும் அங்கு ஆராய்ந்துவிட்டு விடுதிக்கு வந்தவர். தம் கைகளாலே எத்தனை பேர் மாண்டனர் என்பதை இறைவனே அறிவான் என்னும் கருத்துப்பட அவர் பின்னாளிலே தம் நூலில் எழுதினார்.

1847 மே மாத நடுவிலே, விடுதிக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் நீராற் கைகழுவுதல் வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. செலவு கருதிப் பின்னர் வெளிற்றும் தூட்கரைசல் பயன்படுத்தப்பட்டது. யூனிலே 268 பிரசவங்களுக்கு 6 பேரும், யூலையிலே 250 இற்கு 3 பேரும் இறந்தனர். ஒற்றோபரிலே ஒரு துன்பம் நேர்ந்தது. கருப்பைப் புற்றுநோயுடைய பெண்ணொருத்தியை முதலிற் பரிசோதித்துப் பின் ஏனையோரைப் பரிசோதித்ததால் பன்னிருவருட் பதினொருவர் மாண்டனர். நச்சுப்பொருள் பிரேதத்திலிருந்து மட்டுமன்றி உயிருள்ளோரின் அழுகிய புண்ணிலிருந்தும் வரும் என்பது புலனாயிற்று. ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே கைகழுவுமாறு விதி விரிவாக்கப்பட்டது. 1848 ஆம் ஆண்டு முழுவதிலும் 3,556 பிரசவங்களுக்கு 45 இறப்புகளே; நூற்றுக்கு 1.27. அவ்வாண்டிலே இரண்டாம் விடுதியின் வீதம் ஏறக்குறைய 1.3. இரு விடுதிகளும் சமமாயின.

எண்களின் சான்று

இவ்வெண்கள் தற்செயலாக அமைந்திருத்தல் கூடுமோ என்பதை அக்காலத்துக் கணிதத்தாலேயே சோதித்திருக்கலாம். பரிசு நகரத்தவரான கவாரே 1840 இலே வெளியிட்ட மருத்துவப் புள்ளிவிபரவியல் நூலில், இரு வீதங்களின் வேறுபாடு தற்செயலின் எல்லையைக் கடந்ததோ என அறியும் முறையை வகுத்திருந்தார். அம்முறைப்படி, ஆறாண்டுக் கணக்கிலே தற்செயலால் விளையக்கூடிய வேறுபாடு நூற்றுக்கு 0.72 அளவினதே. உண்மையில் இருந்த வேறுபாடோ 6.04. ஏப்ரிலையும் யூனையும் ஒப்பிடின், எல்லை 6.7, வேறுபாடு 16.

எனினும், ஒன்று நோக்கற்பாலது. பெப்ரவரியிலும் இறப்பு குறைந்திருந்தது. அப்பொழுது குளோரின் இல்லை. ஆதலின், யூன் மாதத்துக் குறைவை மட்டும் காட்டி, ‘முன்னருங் குறைந்ததன்றோ’ என்று ஐயுற்றவரை முற்றும் அறியாமையுடையோர் எனல் பொருந்தாது. தற்செயலன்று எனக் கணிதம் கூறும். யாது காரணம் என அது கூறாது. குறைவு ஓராண்டுக்கு மேலாக நிலைத்தமையும், இரண்டாம் விடுதியோடு சமப்பட்டமையுமே வலிய சான்றாயின.

எதிர்ப்பும் இழப்பும்

ஹேப்ரா, ஸ்கோடா முதலிய அறிஞர் செமல்வைஸை ஆதரித்தனர். உண்மையை ஆராயக் குழுவொன்று வேண்டுமென 1849 இல் ஸ்கோடா முயன்றார். கிளைனின் எதிர்ப்பால் அது நிறைவேறவில்லை. அவ்வாண்டு செமல்வைஸின் பதவியும் நீடிக்கப்படவில்லை. 1850 இலே அவர் பெஸ்ற் நகருக்குச் சென்றார். அங்குப் புனித ரோக்குஸ் வைத்தியசாலையிலே 1851 முதல் 1857 வரை 933 பிரசவங்களுக்கு எண்மரே பிரசவ சுரத்தால் இறந்தனர். அவரிடத்துங் குறையுண்டு. தம் கொள்கையை விளக்கும் பெருநூலை 1861 வரை வெளியிடாது தாழ்த்தினார். பின்னர் எதிர்த்தோரைக் கொலைஞர் எனக் கடிந்து பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். இவை நண்பரைக் குறைத்தனவேயன்றிப் பகைவரை மாற்றவில்லை. 1865 ஓகஸ்ற் 13 ஆம் நாள் மனநோய் விடுதியொன்றிலே, புண்ணிலிருந்து இரத்தத்திற் பரவிய நஞ்சால் அவர் இறந்தார். அதற்கு முந்திய நாளிலேதான் கிளாஸ்கோவில் லிஸ்ரர் காபோலிக் அமிலத்தை முறிந்த எலும்பின் புண்ணுக்கு வெற்றியோடு பயன்படுத்தத் தொடங்கினார். பிரசவ சுரத்தை விளைக்கும் நுண்ணுயிரைப் பாஸ்ரர் 1879 இலே எடுத்துக் காட்டினார்.

அந்நுண்ணுயிரைக் காணும்வரை கைகழுவாதிருத்தல் அறிவுடைமையாகுமா? இவ்வினாவுக்கு விடை பகரும் கருவியைப் பிற்காலம் தந்தது. இரண்டாம் உலகப் போரிலே பிளக்கெற் முதலியோர் செயற்பாட்டு ஆராய்ச்சியை வளர்த்தனர். 1950 இல் வால்ட் என்பார் புள்ளிவிபர முடிவுக் கோட்பாட்டை நூலாக்கினார். 1951 இல் சாவேஜ், ஒவ்வொரு முடிவாலும் பின்னர் நேரக்கூடிய மிகப் பெரிய இரங்கலைச் சிறிதாக்கும் வழியை எடுத்துரைத்தார். அவ்வழி வியன்னாவை நோக்கின் விடை எளிது. செமல்வைஸ் தவறாயிருந்து கைகழுவினால் இழப்பது சிறிது வெளிற்றும் தூளும், மாணவரின் சில நிமிடங்களும், எரியும் கைகளுமே. அவர் சரியாயிருந்து கைகழுவாவிடின் இழப்பது ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான தாய்மாரை. இரு பிழைகளும் ஒரே எடையின அல்ல. எதிர்த்தோர் கொள்கை மெய்யோ பொய்யோ என வாதிட்டனர். எப்பிழை கொடிது என வினவினாரல்லர்.

இக்காலத்து நிலை

கைகழுவுதல் யாவரும் உடன்பட்ட உண்மையான பின்னரும் சிக்கல் தீர்ந்திலது. அது நேரப் பங்கீட்டுச் சிக்கலாக மாறியது. தீவிர சிகிச்சைப் பிரிவொன்றிலே தாதியர் விதிப்படி ஒவ்வொரு முறையும் நீராற் கழுவின் ஒரு பகற் பணிமுறையில் மொத்தம் 16 மணி நேரம் கழியும் என்றும், படுக்கையருகே வைத்த அற்ககோற் கரைசலைப் பூசின் 3 மணி நேரமே செல்லும் என்றும் 1997 இல் வெளியான கணிப்பொன்று காட்டிற்று. ஜெனீவாப் பல்கலைக்கழக வைத்தியசாலைகளிலே அக்கரைசல் படுக்கைதோறும் வைக்கப்பட்டது. விதியைக் கடைப்பிடித்தல் 1994 இல் நூற்றுக்கு 48 ஆக இருந்து 1997 இல் 66 ஆயிற்று. வைத்தியசாலைத் தொற்று 16.9 இலிருந்து 1998 இல் 9.9 ஆகக் குறைந்தது. ஊழியரைக் கடிந்துரைத்தல் சாதிக்காததைப் போத்தல் வைக்கும் இடம் சாதித்தது.

செமல்வைஸின் கண்டுபிடிப்புச் சார்ந்த ஆவணங்கள் 2013 இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலே சேர்க்கப்பட்டன. அவர் விட்டுச் சென்ற பாடம் மருத்துவர்க்கு மட்டும் உரியதன்று. ஐயம் முற்றும் நீங்கும் நாள் எத்துறையிலும் எளிதில் வருவதில்லை. கையிலுள்ள சான்றை எண்ணி, இருபுறத்து இழப்பையும் நிறுத்து, எளிதில் திருத்தக்கூடிய பிழையின் பக்கம் சாய்ந்து செயலாற்றுதலும், செயலின் பயனை இடைவிடாது கணக்கிட்டுத் தேவையாயின் மாற்றிக்கொள்ளுதலும் அறிவுடையோர் கடனாகும். வியன்னாவின் கணக்கேடு எவரும் பார்க்கத் திறந்தே இருந்தது. அதனைப் படித்துத் துணிந்தவர் ஒருவரே என்பதே அவ்வரலாற்றின் துயரம்.