சாங்கி ஏரியருகே ஒரு சிறு பூங்கா: 1991ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வரலாறு

பெங்களூரின் பூங்காக்களைப் பற்றிய வரலாறு பெரும்பாலும் இரண்டு பெயர்களோடு நின்றுவிடுகிறது. ஒன்று, ஹைதர் அலி தொடங்கிய லால்பாக். மற்றொன்று, 1870இல் பொறியாளர் ரிச்சர்டு சாங்கி அமைத்த கப்பன் பூங்கா. இரண்டும் ஆட்சியாளர்கள் உருவாக்கியவை. ஆனால் நகரத்துக் குடும்பங்கள் நாள்தோறும் நாடுவது வீட்டுமனைகளுக்கு நடுவே ஒதுக்கப்பட்ட சிறு பூங்காக்களையே. அவற்றுக்குச் சட்டக் காப்பளித்த முக்கிய வழக்கு, அதே சாங்கியின் பெயர் தாங்கிய ஏரியின் அருகே எழுந்தது.

1945ஆம் ஆண்டின் பெங்களூர் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் ராஜ்மகால் விலாஸ் விரிவுப் பகுதிக்கு வகுக்கப்பட்ட திட்டத்தில், ஒரு மனை பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1976இல் மாநில அரசின் ஆணைகளையொட்டி, பெங்களூர் வளர்ச்சி ஆணையம் அந்நிலத்தை மருத்துவமனை கட்டுவதற்காக ஒரு தனியார் அறக்கட்டளைக்கு அளித்தது. அப்பகுதிவாசிகள் உயர் நீதிமன்றத்தை அணுகினர். மருத்துவமனையும் பொதுமக்களுக்கான வசதியே எனக் கருதித் தனி நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு குடியிருப்போர் பக்கம் நின்றது. அறக்கட்டளை உச்ச நீதிமன்றம் சென்றது.

அங்கு இரண்டு வினாக்கள் எழுந்தன. பூங்காவை இழப்பதால் குடியிருப்போருக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டா? மருத்துவமனை பூங்காவுக்கு ஈடாகுமா? 1991 ஜூலை 19 அன்று நீதிபதிகள் தொம்மன், சகாய் ஆகியோர் தீர்ப்பளித்தனர். பூங்காவைச் சுற்றி வாழ்வோரே பாதிக்கப்பட்டவர்கள்; ஆதலால் வழக்காடும் உரிமை அவர்களுக்கு உண்டு. நோயைக் குணப்படுத்தும் கட்டடம், தூய காற்றும் விளையாட்டும் தரும் திறந்தவெளியின் இடத்தை நிரப்பாது. சட்டப்படி ஒப்புதல் பெற்ற திட்டத்தை நிர்வாக ஆணையால் மாற்றவும் இயலாது. ஒரு காலத்தில் பிரபுக்களின் தனியுரிமையாக இருந்த பூங்கா, சமத்துவக் கருத்து வளர்ந்தபோதுதான் பொதுவானது என்ற வரலாற்றையும் நீதிபதி சகாய் நினைவூட்டினார்.

எதிர்த்தரப்பின் கோரிக்கை தீயதன்று என்பதே இவ்வழக்கின் சிறப்பு. பூங்கா நிலம் பெரும்பாலும் நல்ல காரணங்களின் பெயராலேயே கேட்கப்படுகிறது. மருத்துவமனை, பள்ளி, அலுவலகம் என ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. குழந்தைகளும் முதியோரும் நடந்து சென்றடையும் தொலைவில் உள்ள பசுமைக்கு மட்டும் விலை குறிக்கப்படுவதில்லை. அதனாலேயே அது முதலில் பறிபோகிறது. திட்ட வரைபடத்தில் ‘பூங்கா’ என்று எழுதப்பட்ட ஒரு சொல், அங்கு வாழும் மக்களுக்கு அளிக்கப்பட்ட வாக்குறுதி என்பதை நிலைநாட்டியதால்தான், பூங்கா நில வழக்குகளில் இத்தீர்ப்பு இன்றும் எடுத்தாளப்படுகிறது.