பொருளின் படமும் ஒளியின் சாட்சியும்

ஒரு பொருளை நேரில் பாராமல், அதன் படத்தை மட்டும் பார்த்து நீங்கள் வாங்கியதுண்டா? அப்படியானால் அந்தப் படத்தை ஒரு சாட்சியாக ஏற்றுக்கொண்டு பணம் கொடுத்திருக்கிறீர்கள். இன்று அதே போன்ற படத்தைக் கேமரா இல்லாமலேயே, செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் நாலு வரி தட்டச்சு செய்து பெற்றுவிடலாம். இந்தப் புதிய சாட்சியை எந்த அளவுக்கு நம்பலாம்? விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

அலமாரியில் பீங்கான்

வெள்ளி உப்புப் பூசிய தாளில் ஒளியைக் கொண்டு படம் பதிக்கும் முறையைக் கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபாக்ஸ் டால்பட். 1844-இல் அவர் 'இயற்கையின் எழுதுகோல்' என்ற நூலை வெளியிடத் தொடங்கினார். அதில் ஒரு படம்: அலமாரித் தட்டுகளில் வரிசையாக அடுக்கிய பீங்கான் பாத்திரங்கள். இவற்றைப் பட்டியல் எழுத ஆகும் நேரத்தைவிடச் சற்றே கூடுதலான நேரத்தில் படம் எடுத்துவிடலாம் என்றார் டால்பட். திருடன் இவற்றைக் களவாடினால், நீதிமன்றத்தில் இப்படமே வாய் பேசாச் சாட்சியாக வந்து நிற்குமே என்றும் எண்ணிப் பார்த்தார்.

படத்துக்கு அந்தத் தகுதி எங்கிருந்து வந்தது? பாத்திரத்தின் மேல் பட்டுத் திரும்பிய ஒளியே லென்சின் வழியாகச் சென்று, தாளில் இரசாயன மாற்றத்தை உண்டாக்கியது. பாத்திரம் இல்லையேல் படமும் இல்லை.

சூப்புக்குள் கோலிக்குண்டு

ஆனால், கேமராவின் முன் வைப்பது போலியாக இருந்தால்? 1959-இல் கோல்கேட்-பாமாலிவ் நிறுவனம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு சவரக் கிரீமை விளம்பரம் செய்தது. கிரீமைத் தடவியவுடன், சொரசொரப்பான உப்புத்தாளையே பிளேடு சுத்தமாக மழித்துக் காட்டியது. உண்மையில் அங்கே இருந்தது மணல் தூவிய பிளாஸ்டிக் தகடு! நிஜ உப்புத்தாளாக இருந்தால் சுமார் 80 நிமிடம் ஊற வேண்டும். 1965-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதனை ஏமாற்று என்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பில் ஒரு நுட்பமான விளக்கமும் உண்டு. படப்பிடிப்பு விளக்குகளின் சூட்டில் ஐஸ்கிரீம் உருகிவிடும். அதற்குப் பதிலாக உருளைக்கிழங்கு மசியலை வைத்துப் படம் பிடிப்பது குற்றமாகாது. அந்தப் போலியையே பொருளின் சிறப்புக்குச் சான்றாகக் காட்டினால்தான் குற்றம்.

கேம்ப்பெல் நிறுவனத்தின் சூப் விளம்பரம் இன்னொரு பாடம். கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டதால், மூழ்க வேண்டிய துண்டுகள் மேலே தெரிந்தன. சூப்பும் உண்மை, துண்டுகளும் உண்மை. 'இவ்வளவு இருக்கிறது' என்ற செய்தி மட்டும் பொய். இம்முறையைக் கைவிடும்படி 1970-இல் அமெரிக்க வணிக ஆணையம் உத்தரவிட்டது.

கணக்கிட்ட ஒளி

அடுத்த கட்டத்தில் கேமராவே விலகிற்று. ஒரு பரப்பில் விழும் ஒளி எத்திசையில் எவ்வளவு திரும்பும் என்பதைக் கணிப்பொறி கணக்கிடுவதற்கான பொதுச் சமன்பாட்டை 1986-இல் ஜேம்ஸ் கஜியா வெளியிட்டார். சுவீடனில் தோன்றிய ஐக்கியா நிறுவனம், 2006-இல் தன் விலைப்பட்டியல் நூலில் கணிப்பொறி வரைந்த ஒரு நாற்காலியை அச்சிட்டது. 2014 வாக்கில் அதன் பொருட்படங்களில் முக்கால் பங்கு இவ்வகையைச் சேர்ந்தவை. இப்படங்களில் நாற்காலியைத் தொட்ட ஒளி இல்லை. ஆயினும் நாற்காலியின் அளவுகளும் ஒளியியல் விதிகளும் இருந்தன.

மைத்துளி திரும்பி வந்தால்

இனி இன்றைய கருவிக்கு வருவோம். ஒரு குவளை நீரில் ஒரு சொட்டு மையை விடுங்கள். மை மெல்லப் பரவி நீர் முழுவதும் கலந்துவிடும். இதுவே விரவல். கலந்த மை தானாகத் திரண்டு மீண்டும் துளியானதை எவரும் கண்டதில்லை.

2015-இல் சோல்-டிக்ஸ்டைன் என்பவரும் அவருடைய குழுவினரும் வெப்ப இயக்கவியலின் இக்கருத்தைப் படங்களுக்குக் கொண்டுவந்தனர். ஒரு படத்தின் மேல் ஒழுங்கற்ற புள்ளிகளைச் சிறிது சிறிதாகத் தூவினால், கடைசியில் புள்ளிக் குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொரு படியிலும் எவ்வளவு குழப்பம் சேர்ந்தது என்று மதிப்பிடக் கணிப்பொறியைப் பழக்கிவிட்டால், அது பின்னோக்கி நடந்து, வெறும் குழப்பத்திலிருந்தே ஒரு படத்தைத் திரட்டித் தரும். 2020-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் இம்முறையைச் செம்மைப்படுத்தினர். 2022-இல் ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற கருவிகள் பொதுமக்களின் கைக்கே வந்துவிட்டன.

இக்கருவி கண்ணாடிப் புட்டியை வரையும்போது ஒளிவிலகல் விதியைக் கணக்கிடுவதில்லை. புட்டியும் நிழலும் வழக்கமாக எப்படித் தோன்றும் என்பதைக் கோடிக்கணக்கான படங்களிலிருந்து கற்று வைத்திருக்கிறது, அவ்வளவே. அதனால்தான் சில வேளைகளில் நிழல் திசை மாறி விழுகிறது. லேபிளின் எழுத்துகள் குழம்புகின்றன. மூடியின் வடிவம் மாறிவிடுகிறது.

ஆகவே இக்கருவியை ஒதுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. வீட்டில் சோப்புச் செய்து விற்பவருக்குப் படப்பிடிப்புக் கூடத்துக்கு வாடகை கொடுக்க வசதியிராது. அவர் தம் சோப்பை நேர்மையாகப் படம் எடுத்து, அதைத் தொடாமல் விட்டு, பின்னாலுள்ள மேசையையும் பூச்சாடியையும் மட்டும் கருவியிடம் வரையச் சொல்லலாம். அது உருளைக்கிழங்கு மசியலைப் போன்றது. சோப்பையே கருவி வரைந்து மெருகூட்டினால், அது கோலிக்குண்டு போட்ட சூப்பு!

வீட்டிலுள்ள எண்ணெய்ப் புட்டி ஒன்றைச் சன்னலோரம் வைத்து, அதன் நிழலையும் புட்டிக்குள் இடவலம் மாறித் தெரியும் காட்சியையும் கூர்ந்து கவனியுங்கள். பிறகு விளம்பரப் படமொன்றில் அவற்றைத் தேடிப் பாருங்கள். பொருளைத் தொட்ட ஒளி அந்தப் படத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அதன்பின் பணத்தை எடுங்கள்.