64 தறிகள், 7 பேர்

மேலாண்மைப் புத்தகங்களில் 'மாற்றம்' என்ற சொல் வந்தாலே பின்னாடியே 'எதிர்ப்பு' என்ற சொல்லும் வந்துவிடும். தொழிலாளி புதியதை எதிர்ப்பான், நிர்வாகம் அவனைப் பேசி வழிக்குக் கொண்டுவரணும். அவ்வளவுதான் கதை. எனக்கு இந்தக் கதைமேல் சந்தேகம் வந்தது, அகமதாபாத்தில் 1953இல் நடந்த ஒரு சோதனையைப் பற்றி வாசித்தபோது.

காலிகோ மில், சாராபாய் குடும்பத்துடையது. 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்களுக்காகக் காந்தி உண்ணாவிரதம் இருந்தாரே, அப்போது முதலாளிகள் தரப்பில் முன்னால் நின்றவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்த அக்கா அனசூயா. (இந்த ஒரு வீட்டை வைத்தே ஒரு நாவல் எழுதலாம்.) 35 வருஷம் கழித்து ஆலை அம்பாலாலின் மகன் கௌதம் கையில் இருந்தது. அதன் தறிக்கூடம் ஒன்றுக்குத் தானியங்கித் தறிகள் வந்திருந்தன. தார் தீர்ந்தால் தறியே அடுத்த தாரை மாற்றிக்கொள்ளும்; பாவு அறுந்தால் தானே நின்றுவிடும். ஆனால் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை, துணியில் பழுதும் குறையவில்லை. என்ன கோளாறு என்று பார்க்க லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ.கே. ரைஸ் வந்தார்.

அங்கே 224 தறிகள், 29 பேர், 12 வகை வேலை. வேலையை நிபுணர்கள் நறுக்கி நறுக்கிக் கொடுத்திருந்தார்கள். நெசவாளி ஒருவருக்கு முப்பதை ஒட்டித் தறிகள். தார் போடுகிறவருக்கு நாற்பது, ஐம்பது. அறுந்த பாவைச் சேர்க்கிறவருக்கு அறுபதுக்கும் மேலே. இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் தறி நிற்கிறது. அதை ஓடவைக்க வேண்டியவர் வேறொரு நெசவாளியின் தறியில் குனிந்திருக்கிறார். நான் கூப்பிட்டால் அவர் வரவேண்டிய கட்டாயம் இல்லை. அவர் வராததற்கு நான் பொறுப்பும் இல்லை. ஒரே கூரையின் கீழ் 29 தனிமனிதர்கள், அவ்வளவுதான். புதுத் தறியை யாரும் எதிர்க்கவில்லை. தறியோடு வந்த அந்த வேலைப்பிரிவினைதான் ஆட்களைப் பிரித்துப்போட்டது.

இதே முடிச்சை டாவிஸ்டாக்கின் எரிக் ட்ரிஸ்டும், தானே சுரங்கத் தொழிலாளியாக இருந்த கென் பாம்ஃபோர்த்தும் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் பார்த்து 1951இல் எழுதியிருந்தார்கள். எந்திரம் வந்ததும் பழைய சிறுகுழுக்கள் உடைந்துபோன கதை அது.

ரைஸ் சொன்ன யோசனை எளிமையானது: ஒரு குழு, அதற்கென்று ஒரு தொகுதித் தறிகள், எல்லா வேலைக்கும் கூட்டுப் பொறுப்பு. 64 தறிகளுக்கு 7 பேர். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருவது. யோசனை தறிக்கூடத்தை எட்டியதும் அது அவர் கையைவிட்டுப் போய்விட்டது. யார் எந்தக் குழு என்பதைத் தொழிலாளர்களே தங்களுக்குள் பேசி முடிவுசெய்துகொண்டார்கள். கொஞ்சம் தடுமாறி நிலைப்பட்ட பிறகு தறிகளின் செயல்திறன் 80 சதவீதத்திலிருந்து 95க்கு ஏறியது. பழுது 32 சதவீதத்திலிருந்து 20க்கு இறங்கியது.

இந்த எண்களை அப்படியே விழுங்கவும் வேண்டாம். அதே சமயத்தில் கூலி முறையும் மாறியது. எது குழுவால் வந்தது, எது காசால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? பின்னால் வந்த விமர்சகர்கள் இதைக் கேட்டார்கள், நியாயமாகவே கேட்டார்கள். இன்னொன்று: ரைஸை அழைத்தது நிர்வாகம். ரைஸ் எழுதியதில் நமக்குக் கேட்பது ரைஸின் குரல்தான். குழுவில் இருந்தவர் வீட்டுக்குப் போய் என்ன சொன்னார் என்பது அதில் இல்லை.

1970இல் எரிக் மில்லர் அதே ஆலைக்குப் போனார். அதற்கு முன் மலபாரில் சாதியமைப்பை ஆராய்ந்த மானுடவியலாளர். ஐம்பதுகளில் சாராபாய்களின் நிறுவனத்திலேயே ஆலோசகராக இருந்தவர். அவர் பார்த்த இடங்களில் ஒன்றில் குழுமுறை ஏறக்குறைய அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. மற்ற இடங்களில் அது கரைந்து, பழையபடி ஆளுக்கொரு வேலை என்றாகியிருந்தது. சந்தை மாறி நெய்யவேண்டிய துணி ரகங்கள் மாறின, நெருக்கடி வந்தது. அப்போது மேலே இருந்தவர்கள் குழுவுக்குள் கைவைத்தார்கள். குழுவை யாரும் கலைத்ததாக அறிவிக்கவில்லை. மேற்பார்வையாளர் ஒவ்வொரு ஆளிடமும் தனித்தனியாக வேலை சொல்ல ஆரம்பித்தார், அது போதுமாக இருந்தது.