தோற்றம் 1969, மறைவு ஒரு சனிக்கிழமை

தெருமுனைச் சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் இரண்டு தேதி கட்டாயம் இருக்கும்: தோற்றம், மறைவு. டாட்சன் 240இசட் காரின் பின்சக்கர டிரம் பிரேக்குக்கு அப்படி ஒன்று அச்சடிக்கப் போனால் முதல் தேதியில் தகராறு இல்லை. 1969 அக்டோபரில் ஜப்பானில் ஃபேர்லேடி இசட் என்ற பெயரோடு அந்தக் குடும்பம் வெளிவந்தபோதே டிரம்மும் கூடப் பிறந்தது. மறைவுத் தேதிதான் சிக்கல். அது வண்டிக்கு வண்டி மாறும். அமெரிக்காவில் ஏதோ ஒரு வீட்டுக் கேரேஜில், ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்திய வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில் யாரோ அதைக் கழற்றியிருப்பார். அந்த வண்டியைப் பொறுத்தவரை அன்றைக்குத்தான் மறைவு.

பிறந்த இடம் ஒன்றும் குறைவானதில்லை. நீண்ட மூக்கு, 2.4 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின், அமெரிக்காவில் 3,526 டாலர் விலை. முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் 9 அங்குல டிரம். இங்கிலாந்தின் எம்ஜிபி காரும் 1962 முதல் இதே ஏற்பாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் 240இசட்டின் டிரம் சாதாரண இரும்புச் சட்டி இல்லை. சூடு ஆற, வெளியே வரிவரியாகச் செதில் வைத்த அலுமினிய வார்ப்பு. பிரேக் ஷூ உரசுகிற உட்புறத்தில் மட்டும் இரும்பு வளையம். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் அப்படிச் செய்திருந்தார்கள்.

டிரம்முக்கு ஒரு தாராள குணம் உண்டு. உள்ளே இருக்கும் இரண்டு ஷூவும் விரிந்து டிரம்மைத் தொட்டதும், சுற்றுகிற டிரம்மே முன் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். கால் கொடுத்த பலத்துக்கு மேல் கொஞ்சம் கொசுறு. டிஸ்க் பிரேக்கில் இந்தக் கொசுறு கிடையாது. அளந்து கொடுத்தால் அளந்துதான் திருப்பித் தரும்.

குற்றங்களையும் மறைக்க வேண்டியதில்லை. மலை இறக்கத்தில் தொடர்ந்து அழுத்தினால் டிரம் சூடேறி விரியும். விரிந்தால் ஷூவைவிட்டு விலகும், பெடல் இறங்கும். டிஸ்க் சூட்டில் தடித்தாலும் அதைக் கவ்வுகிற பேடை நோக்கித்தான் வரும். தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம் கொஞ்ச தூரத்துக்குப் பிடிக்காது. உள்ளே தேங்குகிற லைனிங் தூசியில் அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதைக் காற்றடித்து ஊதி, கூடவே சுவாசித்தும் வேலை பார்த்த ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் உண்டு. உண்மையான அஞ்சலி அவர்களுக்குத்தான் சேர வேண்டும்.

டிரம்மின் ஜாதகம் எழுதப்பட்டது 1953 லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில். டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் அங்கே ஜெயித்தபிறகு, முன்சக்கரத்து டிரம்முக்கு நாள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். பின்சக்கரத்து டிரம் பிழைத்துக்கொண்டது. காரணம் எளிது. பிரேக் அடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்துக்குப் பெரிய பிரேக் எதற்கு?

240இசட்டை ஜான் மார்ட்டன் ஓட்ட, பீட்டர் பிராக்கின் அணி 1970, 1971 இரண்டு வருஷமும் அமெரிக்காவின் சி-புரொடக்‌ஷன் தேசியப் பட்டத்தை வென்றது. பின்சக்கரத்தில் டிரம்மோடுதான். பந்தயத்துக்குப் போதுமானது, ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கப் போகிறவருக்குப் போதவில்லை! என்னைக் கேட்டால், இந்த டிரம் திறமைக் குறைவால் சாகவில்லை, வெட்கத்தால் செத்தது. பழைய இரும்புச் சக்கரமும் மூடியும் இருந்தவரை அது மானமாக மறைந்திருந்தது. அகலமான அலாய் வீல் வந்தது. கம்பிகளின் இடுக்கில் முன்னால் பளபளவென்று டிஸ்க், பின்னால் சாம்பல் பூத்த சட்டி. சொந்தக்காரருக்குக் கூச்சமாகிவிட்டது. இதே சட்டியை ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 மின்சாரக் காரின் பின்சக்கரத்தில் இன்று புதிதாகப் பூட்டி விற்கிறார்கள். அங்கே மோட்டாரே பாதி பிரேக் வேலையைப் பார்த்துவிடுகிறது; சும்மா இருக்கிற டிஸ்க் துருவேறும், மூடிய டிரம் ஏறாது. நம் ஊர்ச் சின்னக் கார்களிலோ அது எங்கேயும் போகவே இல்லை.

மாற்று உறுப்பு தம்பி வீட்டிலிருந்தே கிடைத்தது. அமெரிக்காவில் 1979 மாடலாக வந்த 280இசட்எக்ஸில் பின்சக்கரத்துக்கும் டிஸ்க். உடைசல் கடையில் அதன் காலிப்பரை, அதாவது பேடுகளை டிஸ்க்கில் அழுத்துகிற கவ்வியை, எடுத்து, நடுவில் ஒரு பிராக்கெட் வைத்து அண்ணன் காரில் பூட்டுவது வழக்கமாயிற்று. சொல்ல இரண்டு வரி, செய்ய இரண்டு வாரம். இடது வலது மாற்றிப் பூட்டினால் ஏர் எடுக்கிற திருகு கீழே போய்விடும். காற்று மேலேயே தங்கும், எத்தனை முறை மிதித்தாலும் பெடல் பஞ்சு போலத்தான் இருக்கும். அந்தக் காலிப்பரின் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். தெரியாமல் கிளாம்ப் போட்டு அழுத்தியவர்கள் இன்னொரு காலிப்பர் தேடிப் போனார்கள். டிரம்முக்கென்று குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற குட்டி வால்வு பழைய மாஸ்டர் சிலிண்டர் பலவற்றில் உண்டு. அதை விட்டுவைத்தால் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே வரும். எல்லாம் சரியாக அமைந்து, பின்பக்கம் அதிகமாகப் பிடித்துவிட்டாலோ அது வேறு ஆபத்து: ஈரச் சாலையில் பின்சக்கரம் முதலில் நின்றுபோக, வண்டியின் வால் முன்னால் வந்துவிடும். அதற்கு ஒரு அழுத்தச் சீராக்கி வால்வு வாங்கி, ஆளில்லாத இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு எடை குறைந்ததா என்றால், இரும்பு டிஸ்க்கையும் காலிப்பரையும் ஒரு தட்டில், அந்த அலுமினிய டிரம்மை மறு தட்டில் வைத்துச் சத்தியம் செய்ய நான் வரமாட்டேன். நிறுத்தும் தூரமும் தெருவில் ஓட்டுகிறவருக்குப் பெரிதாக மாறுவதில்லை. அதை டயர்தான் முடிவு செய்கிறது. சூடு தாங்குவதும், பேடு மாற்றுவதன் சுலபமும் கண்கூடான லாபம். ஷூ ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டி விரலை நசுக்கிக்கொண்டவர்களிடம் கேட்டால் அது ஒன்றே போதும் என்பார்கள்.

போனது ஹேண்ட் பிரேக். டிரம்முக்குள் அது ஒரு லீவர், ஒரு கேபிள், அவ்வளவுதான். இழுத்தால் கொசுறோடு பிடிக்கும். காலிப்பரில் அதே வேலைக்குத் திருகும் நெம்புகோலும். பழைய கேபிள் நீளம் ஒத்துவராது, வெட்டி ஒட்டிச் சரிக்கட்ட வேண்டும். சிலர் கேபிளையே பூட்டாமல் விட்டுவிட்டார்கள். அவர்கள் வீட்டுச் சரிவில் வண்டி கியரில் நிற்கிறது, பின்டயருக்கு அடியில் ஒரு மரக்கட்டை.