வால் நறுக்கலும் அதன் நியாயங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

நாய்க்குட்டி பிறந்து மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள், அதன் கண்கள் திறவாதிருக்கையிலேயே, வாலின் ஒரு பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டியோ, இறுக்கமான இறப்பர் வளையமிட்டு இரத்தவோட்டத்தைத் தடுத்தோ நீக்கிவிடும் வழக்கம் ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலவியது. வேறு சில நாடுகளில் இன்றும் நிலவுகின்றது. ரொட்வைலர், டோபர்மான், பொக்சர், கொக்கர் ஸ்பானியல் முதலிய இனங்களைப் படங்களிற் கண்டு பழகிய பலர், அவை குட்டை வாலுடனேயே பிறக்கின்றன என எண்ணியிருத்தல் கூடும். அவ்வாறு எண்ணவைத்ததே இவ்வழக்கத்தின் பெரிய வெற்றி எனலாம்.

இது தகுமா தகாதா என்ற வினா இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே சட்டமன்றங்களை எட்டியது. வழக்கமோ ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. இந்நெடுங்காலத்தில் அதற்குக் கூறப்பட்ட நியாயங்களை நோக்குமிடத்து, அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பொய்த்துப் போனமையையும், நறுக்கல் மாத்திரம் நிலைத்து நின்றமையையும் காணலாம். ஒரு நியாயம் வீழ்ந்தபோது வழக்கம் வீழ்ந்துவிடவில்லை. அதற்கு வேறொரு நியாயம் தேடப்பட்டது.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம எழுத்தாளர் கொலுமெல்லா, வேளாண்மை பற்றிய தமது பெருநூலின் ஏழாம் பகுதியிற் காவல் நாய்களையும் ஆயரின் நாய்களையும் பற்றி எழுதுமிடத்து இவ்வழக்கத்தை விவரிக்கின்றார். குட்டி பிறந்து நாற்பது நாள் கழிந்தபின் அதன் வால்நுனியைப் பல்லாற் கடித்து, முதுகெலும்பின் மூட்டுகளூடே வந்து வாலின் நுனிவரை செல்லும் நரம்பைச் சிறிது வெளியே இழுத்து அறுத்துவிட வேண்டும் என்கின்றார். அவ்வாறு செய்தால் வால் அருவருக்கத்தக்க அளவு நீளாது என்பதும், விசர்நோய் தடுக்கப்படும் என்பதும் அவர் தரும் இரு காரணங்களாகும். இவற்றுள் இரண்டாவதைத் தமது கூற்றாக அன்றி, ஆயர் பலர் உறுதியாகச் சொல்வதாகவே அவர் எழுதியுள்ளமை கவனிக்கத்தக்கது. நூலாசிரியருக்கே முழுநம்பிக்கை இல்லாதிருந்திருக்கலாம். ஆயினும் அச்சம் தரும் நோயொன்றுக்கு மருந்தில்லாத காலத்தில், செய்வதற்கு எதுவோ ஒன்று இருப்பதே மக்களுக்குப் போதுமானது. 1885இல் பாரிஸில் லூயி பாஸ்டர் விசர்நாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பூசி ஏற்றியபோது, நோய்க்கும் வாலுக்கும் தொடர்பில்லை என்பது ஐயமற விளங்கியது. அதற்குள் ஐரோப்பாவின் நாய்கள் வேறு காரணங்களுக்காக வால் இழந்துகொண்டிருந்தன.

இடைக்கால இங்கிலாந்தில் நாயின் உடற்குறை சட்டத்துடன் நேரடியாகப் பிணைந்திருந்தது. 1217ஆம் ஆண்டின் வனப் பட்டயம், அரசனின் வனங்களுக்குள் வாழ்வோரின் நாய்கள் அரச மான்களைத் துரத்தாதிருக்கும் பொருட்டு அவற்றின் முன்காலில் மூன்று நகங்கள் தறிக்கப்படும் பழைய முறையை ஒழுங்குபடுத்தியது. தறிக்கப்படாத நாயின் சொந்தக்காரர் மூன்று சிலிங் தண்டம் செலுத்த வேண்டியிருந்தது. இங்கே தறிக்கப்பட்டது வாலன்று, நகமே. எனினும் வேட்டையுரிமை அற்றவனின் நாய் அங்கத்தில் அடையாளம் பெற்றிருக்க வேண்டும் என்ற கருத்து அச்சமூகத்தில் வேரூன்றியிருந்தது என்பதற்கு இது சான்றாகும்.

வரியின் கதை இதனினும் சுவையானது. தானியத் தட்டுப்பாடு நிலவிய 1796இல் ஜோன் டென்ற் என்னும் பாராளுமன்ற உறுப்பினர், வறியோர் உண்ணவேண்டியதை நாய்கள் உண்கின்றன என்று கூறி நாய்களுக்கு வரி விதிக்க முயன்றார். அதனால் ‘நாய் டென்ற்’ என்ற பட்டப்பெயரே அவருக்கு நிலைத்தது. அவ்வாண்டிலேயே நாய்வரி நடைமுறைக்கு வந்தது. வேலைக்குரிய நாய் என்பதற்கு அடையாளமாக வால் நறுக்கப்பட்டவை வரியிலிருந்து தப்பின என்ற செய்தி, நாயினங்களைப் பற்றி எழுதுவோராற் பின்னர் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்துள்ளது. அச்செய்தி உண்மையெனினும், வரிவிலக்குக்காக நறுக்கிய வால் அவ்விலக்கின் தேவை மறைந்தவுடன் தப்பியிருத்தல் வேண்டும். தப்பவில்லை.

இவ்விடத்திற் குதிரையையும் நினைவுகூர்தல் பொருத்தமாகும். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் வண்டிக் குதிரைகளின் வாலை எலும்போடு தறித்தல் நாகரிகமாகக் கொள்ளப்பட்டது. 1877இல் வெளிவந்த அன்னா செவெல்லின் ‘பிளாக் பியூட்டி’ என்னும் நாவலில் வாலிழந்த கிழக்குதிரை ஒன்று தன் துயரைச் சொல்கின்றது. ஈயை விரட்டவும் வழியில்லாத தன் நிலையைக் கூறிய அக்குதிரை, தான் அறிந்த டெரியர் நாயொன்றின் குட்டிகள் வாலும் காதும் வெட்டப்பட்டமையையும் கூறுகின்றது. குதிரைக்கும் நாய்க்கும் ஒரே மூச்சிற் பேசிய அந்நாவலின் வாசகர்கள் குதிரைக்கே முதலில் இரங்கினர். குதிரையின் வாலைத் தறித்தலைத் தடைசெய்யும் சட்டம் 1949இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. நாயின் வால் மேலும் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இத்தாமதத்திற்குக் காரணம் நாய்க் கண்காட்சியே. 1859இல் நியூகாசிலில் நாய்களுக்கான கண்காட்சி நடந்தது. 1873இல் கெனல் கழகம் தோன்றியது. அதுவரை வேலையைக் கொண்டு அறியப்பட்ட நாய், அதன்பின் தோற்றத்தைக் கொண்டு அளக்கப்படலாயிற்று. ஒவ்வோர் இனத்திற்கும் தலை, மார்பு, நிறம், வால் ஆகியவற்றுக்கான இலக்கணம் எழுதப்பட்டது. வால் நறுக்கப்பட்டிருந்த இனங்களின் இலக்கணத்தில் நறுக்கிய வாலே இயல்பான வாலாக இடம்பெற்றது. ஜேர்மனியில் அப்போல்டா நகரில் வரி அறவிடும் தொழிலும் பார்த்த லூயி டோபர்மான் தம் பாதுகாப்பிற்கென உருவாக்கிய இனம், பற்றிப் பிடிக்க வாலோ தொங்கும் காதோ இல்லாத வடிவத்திலேயே உலகெங்கும் அறிமுகமாயிற்று. பிறவியில் அவ்வினத்திற்கு நீண்ட வாலும் மடிந்த காதும் உண்டு.

இதே கெனல் கழகம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் காது வெட்டிய நாய்களைக் கண்காட்சிகளிலிருந்து விலக்கியது. பின்னர் ஏழாம் எட்வேர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் காது வெட்டுதலை வெறுத்தமையும் இதற்குத் துணைநின்றது. காது கொடுமை எனில் வால் எவ்வாறு கொடுமையாகாது? காது வெட்டப்படுவது வளர்ந்த குட்டிக்கு. அது அலறுவதைப் பலரும் கேட்பர். வால் நறுக்கப்படுவது கண் திறவாக் குட்டிக்கு. ஒரு சிணுங்கலுடன் அது மீண்டும் தாயின் முலையைத் தேடிச் செல்லும். வேதனையின் அளவு அங்கே சத்தத்தின் அளவினாலேயே மதிப்பிடப்பட்டது போலும்.

‘வாலை ஒட்ட நறுக்கிவிடுவேன்’ என்பது தமிழில் அடங்காதவனை நோக்கி விடுக்கப்படும் மிரட்டல். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று கைவிட்ட பழமொழியும் நம்மிடம் உண்டு. நறுக்குதல் தண்டனை என்பதைத் தமிழ் வழக்கு மறைக்கவில்லை. கண்காட்சி மண்டபத்தின் மொழியிலோ அது அழகு, தூய்மை, இனத்தின் மரபு என்ற பெயர்களைப் பெற்றது.

பிறந்த குட்டிக்கு நோவு தெரியாது என்ற நம்பிக்கையே இவ்வழக்கத்தின் இறுதி அரணாக இருந்தது. நரம்புகள் முதிரவில்லை, எனவே உணர்வும் இல்லை என்று வாதிடப்பட்டது. இந்நம்பிக்கை நாயோடு நின்றிருந்தால் அதனைச் சிறிதாகக் கருதலாம். மனிதக் குழந்தைகளைப் பற்றியும் மருத்துவ உலகு இவ்வாறே எண்ணியிருந்தது. 1980கள் வரையில் பச்சிளங் குழந்தைகள் பலருக்குப் போதிய மயக்கமருந்தின்றியே சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. கன்வல்ஜித் ஆனந்த், பி. ஆர். ஹிக்கி ஆகியோர் 1987 நவம்பரில் வெளியிட்ட ஆய்வுரை, சிசுவின் நரம்பு மண்டலம் நோவை உணரும் வல்லமை உடையது என்பதை விரிவாக நிறுவியது. முதிராத நரம்பு நோவை உணராது என்ற பழைய வாதம் அதனோடு ஆட்டங்கண்டது. அதே மாதம் 13ஆந் திகதி ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஐரோப்பியப் பேரவை வளர்ப்புப் பிராணிகளின் பாதுகாப்புப் பற்றிய உடன்படிக்கையைக் கைச்சாத்துக்கு வைத்தது. தோற்றத்திற்காக வால் நறுக்குதலையும் காது வெட்டுதலையும் குரல்நாண் அறுத்தலையும் அதன் பத்தாம் உறுப்புரை தடுத்தது. ஆயினும் வாலைப் பொறுத்து மட்டும் நாடுகள் விலக்குக் கோரலாம் என்று அவ்வுடன்படிக்கையே இடமளித்தது. நோர்வே 1987இலேயே வழக்கத்தைத் தடைசெய்தது. விரைவில் சுவீடனும் தொடர்ந்தது.

பிரித்தானியா வேறு வழியே சென்றது. 1991இல் கொண்டுவரப்பட்டு 1993 யூலை 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தம், மிருக வைத்தியர் அல்லாதோர் வால் நறுக்குதலைத் தடுத்தது. தகுமா என்ற வினாவுக்கு விடை கூறாது, யார் செய்யலாம் என்பதை மட்டும் அது தீர்மானித்தது. மிருக வைத்தியர்களுள் பெரும்பான்மையோர் செய்ய விரும்பவில்லை; விரும்பிய சிலரிடம் வளர்ப்போர் குட்டிகளோடு நெடுந்தூரம் பயணஞ் செய்தனர். அக்காலத்தில் நிகழ்ந்த முயற்சியொன்று தனியே குறிப்பிடற்பாலது. மரபணுவியலாளரும் பொக்சர் வளர்ப்பவருமான புரூஸ் கற்றனாக், பிறவியிலேயே குட்டை வாலுடைய கோர்கி இனத்தைப் பொக்சருடன் கலந்து, சில தலைமுறைகளுக்குள் தோற்றத்தாற் பொக்சரும் வாலாற் கோர்கியுமான நாய்களைப் பெற்றார். அறிவியல் நோக்கில் இது திறமையான செயலே. எனினும் குட்டை வால் தரும் அம்மரபணுவை இரு பெற்றோரிடமிருந்தும் பெறும் கரு பிறவாமலே அழிந்துவிடும். குட்டை வாலைக் கண்டு பழகிய கண்ணை மாற்றுவதினும் நாயின் கருவை மாற்றுவது எளிதாயிருந்தது என்பதே இங்கு வியப்புக்குரியது.

வாலினால் நாய் எதைச் செய்கின்றது என்ற ஆய்வும் பின்னர் வளர்ந்தது. இத்தாலிய ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட முடிவின்படி, தன் எசமானைக் காணும் நாய் வாலை வலப்பக்கமாக மிகுத்து ஆட்டுகின்றது. அறியாத வலிய நாயைக் காணுங்கால் இடப்பக்கமாக ஆட்டுகின்றது. மறு ஆண்டு கனடாவில் லீவர், ரெய்ம்சன் ஆகியோர் இயந்திர நாயொன்றை வெளியில் நிறுத்தி ஆராய்ந்தனர். வால் நீளமாயிருந்தபோது அது ஆடுகின்றதா அசையாதிருக்கின்றதா என்பதைப் பொறுத்துப் பெரிய நாய்கள் அணுகும் விதம் மாறியது. வால் குட்டையாயிருந்தபோது வேறுபாடு மறைந்தது.

2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின் கீழ் 2007இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வால் நறுக்கல் தடைசெய்யப்பட்டது. குறிப்பிட்ட தொழில் நாய்களுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. ஸ்கொட்லாந்து அவ்வாண்டில் எவ்வித விலக்குமின்றித் தடைசெய்தது. முட்புதரிற் புகும் வேட்டை நாயின் வால் கிழிபடும் என்பதே அப்போது எஞ்சியிருந்த ஒரே நியாயம். மற்றைய நியாயங்களைப் போலன்றி இதனை எண்ணிப் பார்க்க முடிந்தது. பிரித்தானியாவின் 52 மிருக வைத்திய நிலையங்களுக்கு வந்த 138,212 நாய்களுள் வாற்காயம் பட்டவை 281 என 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு காயத்தைத் தடுக்க ஏறத்தாழ 500 நாய்களின் வாலை நறுக்க வேண்டியிருக்கும் என அது கணித்தது. ஆனால் 2014இல் வெளியான கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு, ஸ்கொட்லாந்தின் தொழில் நாய்களை மட்டும் நோக்கியபோது, 2010–2011 வேட்டைப் பருவத்தில் வால் நறுக்கப்படாத ஸ்பானியல்களுள் 56.6 வீதமானவை காயமுற்றன என்று கண்டது. இவ்விரு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. முன்னையது வீட்டில் வாழும் நாயைப் பற்றியது. பின்னையது புதரில் உழைக்கும் நாயைப் பற்றியது. வரலாறு முழுவதிலும் நறுக்கலுக்குக் கூறப்பட்ட நியாயங்களுள் சான்றின் முன் ஓரளவேனும் நின்றது இது ஒன்றே. பொக்சருக்கோ ரொட்வைலருக்கோ அது பொருந்தாது.

2017இல் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் வேட்டையில் ஈடுபடும் ஸ்பானியல்களுக்கும், இரையைக் காட்டி எடுத்துவரும் இனங்களுக்கும், வாலின் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாது நறுக்க மீண்டும் அனுமதித்தது. ஐந்து நாட் குட்டி பின்னாளிற் புதருக்குச் செல்லுமா, அடுப்பங்கரையிற் படுத்திருக்குமா என்பதைக் குட்டியைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. ஆகவே இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் மிருக வைத்தியர் குட்டியை மட்டும் பார்த்து முடிவுசெய்வதில்லை. வேட்டைத் தொழிலுக்கான சான்றையும் கேட்கின்றார். இங்கிலாந்தில் துப்பாக்கி உரிமப் பத்திரமும் அத்தகைய சான்றாக ஏற்கப்படுகின்றது. 1217இல் வேட்டையுரிமை இல்லாதவனின் நாயே தறிக்கப்பட்டது. எண்ணூறு ஆண்டு கழிந்தபின், நறுக்குவதற்கான அனுமதி வேட்டைக்குச் செல்பவனிடம் இருக்கின்றது.